தும்பை என்று சொல்லி வஞ்சி: ஜூலுப் போர்ப் பொம்மைகளை முன்வைத்து

விதிப் புத்தகமும் ஒரு பிரதிதான். நாவலையும் சினிமாவையும் பாடப் புத்தகத்தையும் கட்டுடைக்கிற நாம், ஒரு விளையாட்டின் விதிகளை அந்தக் கவனத்தோடு வாசிப்பதில்லை. 'சும்மா விளையாட்டுதானே' என்கிற சொல் அதன் வாசலில் காவல் நிற்கிறது. நாவல் தன் உலகத்தை வாசகர் நம்பும்படி செய்ய மெனக்கெட வேண்டும். விதிக்கு அந்தச் சிரமம் கிடையாது. அதை ஒத்துக்கொண்டால்தான் ஆட்டமே ஆரம்பமாகும். ஒத்துக்கொண்ட பிறகு அது சொன்னதுதான் இயற்கை, அது சொன்னதுதான் மனித சுபாவம்.

நான் பேசப்போவது மேசைமேல் ஆடப்படும் ஒரு போர் விளையாட்டைப் பற்றி. ஆறடிக்கு நாலடி மேசை, புல் நிறத்தில் ஒரு விரிப்பு, தெர்மகோலில் வெட்டிய குன்றுகள். ஒரு பக்கம் சிவப்புக் கோட்டும் தலைக்கவசமுமாக பிரிட்டிஷ் சிப்பாய்கள். மறுபக்கம் மாட்டுத்தோல் கேடயமும் குத்தீட்டியுமாக ஜூலுக்கள். எல்லாம் 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மைகள். இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும், விழுந்தவனை மேசையை விட்டு எடுத்துவிட வேண்டும். காலம் 1879, இடம் இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நேட்டால். பொம்மைகள் வண்ணமில்லாமல்தான் பெட்டியில் வருகின்றன. ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் வாங்கியவர் பாடு. ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் கேடயத்தின் நிறம் மாறும் என்பதால், நூறு ஜூலுக்களுக்கு நூறு கேடயத்திலும் மாட்டுத்தோல் திட்டுகளை நுண்ணிய தூரிகையால் போட்டாக வேண்டும். அந்த உழைப்பைப் பார்த்தவர் யாரும் இதை அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தர 1824இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'க்ரீக்ஸ்பீல்' அதன் தாத்தா. பிரிட்டன்ஸ் கம்பெனி 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை மலிவாக வார்க்கத் தொடங்க, அவை நடுத்தர வர்க்கத்து வீடுகளின் தரைக்கு இறங்கின. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று அவற்றுக்கு விதி எழுதினார். பெரிய யுத்தம் எவ்வளவு முட்டாள்தனமானது என்பதைச் சின்ன யுத்தம் காட்டிக் கொடுக்கும் என்பது அவருடைய வாதம். மறு வருஷமே பெரிய யுத்தம் வந்து நின்றது.

லண்டனில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் இதை ஐந்தாறு முறை ஆடியிருக்கிறேன். பெரும்பாலும் ஜூலுவாக. ஒருமுறை ஜெயித்தும் இருக்கிறேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அது எந்த மாதிரிச் சந்தோஷம் என்பதுதான் பிரச்சினை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விதி. இன்று பரவலாக ஆடப்படுபவற்றில் ஒன்று, டான் மெர்ஸி எழுதி 2016இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட 'தி மென் ஹு வுட் பி கிங்ஸ்'. கிப்ளிங் கதையின் தலைப்பைப் பன்மையாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் படைகள் வகைபிரிக்கப்படுகின்றன: முறைசார் காலாட்படை, முறைசாராக் காலாட்படை, பழங்குடிக் காலாட்படை. முறைசார் பிரிவில் பன்னிரண்டு பொம்மை, பழங்குடிப் பிரிவில் பதினாறு. ஆனாலும் பழங்குடிப் பிரிவின் புள்ளி விலை குறைவு. துப்பாக்கியில் முன்னவர் கை ஓங்கும், கைகலப்பில் பின்னவர் பயங்கரம். இதற்கு மேல் 'மூர்க்கம்', 'அனுபவம்', 'நல்ல பயிற்சி', 'ஆர்வமின்மை' என்று குணங்களைச் சேர்க்கலாம், கழிக்கலாம். ஜூலுவுக்குப் பெரும்பாலும் போய் ஒட்டிக்கொள்வது மூர்க்கம்.

இந்த 'மூர்க்கம்' என்கிற குறிப்பானைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். ஜூலுப் படையின் எருமைக்கொம்பு வியூகம் எப்படி இயங்கியது? நடுவே மார்பு எதிரியை நேரே எதிர்கொள்ளும். இரண்டு கொம்புகள் இரு பக்கமும் ஓடி வளைக்கும். பின்னால் இடுப்பு என்று ஒரு பகுதி சேமக்கையாகக் காத்திருக்கும். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் ஏறத்தாழ 20,000 பேர் மைல்கணக்கில் விரிந்து இதைச் செய்து முடித்தார்கள். அதுவும் திட்டமிட்ட நேரத்தில் இல்லை. எங்வெபேனி பள்ளத்தாக்கில் அமர்ந்திருந்த படையை பிரிட்டிஷ் குதிரை வேவுக்காரர்கள் எதிர்பாராமல் கண்டுவிட, இருந்த இடத்திலிருந்தே ரெஜிமெண்டுகள் எழுந்து ஓடத் தொடங்கின. ஓட்டத்திலேயே வியூகம் பிடித்தது. எந்த ராணுவக் கல்லூரியும் இதற்கு 'ஒழுங்கு' என்றுதான் பெயர் வைக்கும். பிரிட்டிஷ் சிப்பாய் வரிசை கலையாமல் நின்று சுட்டால் அது பயிற்சி, பண்பாடு. ஜூலு வரிசை கலையாமல் குண்டுமழைக்குள் ஓடினால் அது மூர்க்கம், இயற்கை. பகடையில் கூட்டிக்கொள்ளும் ஒரு எண்ணுக்குள் ஒரு முழு மானுடவியலே ஒளிந்திருக்கிறது.

அதே புத்தகத்தில் தனியாள் ஆட்டத்துக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. எதிரே ஆள் இல்லையென்றால் எதிரியை 'மிஸ்டர் பாபேஜ்' நடத்துவார். அதாவது பகடையும் அட்டவணையும் நடத்தும். பெயர் கணக்கு இயந்திரத்தைக் கற்பனை செய்த சார்ல்ஸ் பாபேஜிடமிருந்து வந்தது. அப்படி நடத்தப்படுவது எந்தத் தரப்பு தெரியுமா? பழங்குடித் தரப்பு. பகடை சொன்ன இடத்தில் முளைப்பார்கள், கிட்ட இருக்கும் எதிரியை நோக்கி வருவார்கள். மனிதனாக உட்கார்ந்து யோசிப்பவர் காலனியத் தளபதி மட்டும்தான். இதில் ஆசிரியரின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தனியாக இருக்கிறவனுக்கு உதவி செய்யத்தான் எழுதியிருக்கிறார். கருத்தியல் என்று நாம் சொல்வது இந்த நல்லெண்ணத்தில்தான் ரொம்பச் சௌகரியமாகக் குடியிருக்கிறது. யோசிக்கிற தன்னிலை ஒரு பக்கம், தூண்டினால் அசையும் கூட்டம் மறுபக்கம் என்கிற எதிர்வு யாரும் சொல்லாமலே நிலைபெறுகிறது.

ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இசாண்டில்வானா நடந்த அன்றே பின்னேரம் தொடங்கி மறுநாள் காலை வரை, மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி ஏறத்தாழ 150 பேர் மூவாயிரம் நாலாயிரம் ஜூலுக்களைத் தடுத்து நின்ற இடம். 11 விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பொம்மைக் கடைகளில் இந்த 150 பேரில் பலருக்குத் தனிப் பொம்மை உண்டு, பெயரோடு. ஜூலுக்கள் மொத்தப் பெட்டியில் வருவார்கள். ஆட்டம் ஓட வேண்டுமே, அதனால் செத்த ஜூலுப் பிரிவை எடுத்து மேசை ஓரத்தில் புதுப் பிரிவாக மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று விதி வைப்பது வழக்கம். சாக முடியாதவனுக்குச் சாவு என்ன, அதற்கு அழுகை என்ன? சண்டை முடிந்த காலையில் கிடந்த ஜூலுக் காயம்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது பதிவான விஷயம். விதிப்படி அந்தக் காலைக்கு முன்னாலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

வெள்ளையன் தோற்ற சண்டைக்கு என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. இசாண்டில்வானாவை மேசையில் வைப்பவர்கள் வெடிமருந்துத் தட்டுப்பாட்டுக்கு என்று ஒரு பகடையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தோட்டாப் பெட்டியின் திருகாணி கழலவில்லை, கிடங்கு அதிகாரி கணக்குப் பார்த்துக் கொடுத்தார், செம்ஸ்ஃபோர்ட் படையைப் பிரித்துக்கொண்டு போனார், டர்ன்ஃபோர்ட் சொல் கேட்கவில்லை என்று நூற்றைம்பது வருஷமாக ஒரு விளக்க மரபு ஓடிக்கொண்டிருக்கிறது. தளபதி எங்ட்ஷிங்வாயோவும் அவருடைய ஆட்களும் நன்றாகச் சண்டை போட்டு ஜெயித்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு திருகாணிக்கு வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம்.

ஆனால் இதையெல்லாம்விட அடிப்படையானது ஆட்டம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது. இங்கே நம்முடைய பழைய சாமான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்ததில் கிடைத்த லாபம். தொல்காப்பியப் புறத்திணையில் வஞ்சிக்கும் தும்பைக்கும் உள்ள வித்தியாசம் என்ன? இன்னொருவன் மண்மேல் ஆசை வைத்துப் படையெடுப்பது வஞ்சி. வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு இரண்டு வேந்தரும் களத்தில் மோதுவது தும்பை. வஞ்சியில் காரணம் உண்டு, பேராசை உண்டு, எரிந்த ஊர் உண்டு. தும்பையில் களமும் வீரமும் மட்டும். இந்த மேசை ஆட்டங்கள் அத்தனையும் தும்பை. இருதரப்புக்கும் சம புள்ளி, நடுவே ஒரு வெளி, யார் வலியவர் பார்ப்போம். நடந்ததோ அப்பட்டமான வஞ்சி.

1878இல் எல்லைத் தகராறை விசாரித்த பிரிட்டிஷ் ஆணையமே பெரும்பாலும் ஜூலுக்களுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னது. ஹை கமிஷனர் பார்ட்டில் ஃப்ரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 1878 டிசம்பர் 11 அன்று துகேலா ஆற்றங்கரையில் அந்தத் தீர்ப்போடு சேர்த்து இறுதி எச்சரிக்கையையும் வாசிக்க வைத்தார். ராணுவ முறையைக் கலைக்க வேண்டும், இளைஞர்கள் அரசன் அனுமதியின்றி மணம் செய்துகொள்ள விட வேண்டும், பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். ஜூலு 'அமாபுத்தோ' என்பது சம்பளப் பட்டாளம் இல்லை. ஒத்த வயதுள்ள ஆண்களின் அணி. அரசனின் வயலும் மாடும் அவர்களுடைய உழைப்பில்தான் நடந்தன. அதைக் கலை என்பது ஒரு சமூகத்தையே கலை என்பது. செட்ச்வாயோ ஒத்துக்கொள்ள முடியாதபடிக் கெடு வைத்து, ஜனவரி 11 அன்று படை ஆற்றைக் கடந்தது. மேசையில் பொம்மைகளை அடுக்குவது ஜனவரி 22 காலையில். அதற்குள் குற்றம் நடந்து முடிந்தாயிற்று.

முடிவும் அப்படித்தான். ஜூலை 4 உலுண்டியில் சதுர வியூகம், காட்லிங் துப்பாக்கி, ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு வோல்ஸ்லி அந்த ராஜ்யத்தைப் 13 துண்டாக்கி, துண்டுக்கொரு தலைவரை வைத்து, அவர்களே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும்படி விட்டார். ஜூலு அரசை அழித்தது உலுண்டியைவிட இந்த ஏற்பாடும் அது கிளப்பிய உள்நாட்டுப் போரும்தான் என்று ஜெஃப் கை விரிவாக எழுதியிருக்கிறார். 1887இல் நாடு பிரிட்டிஷ் சொத்து. இதை எந்தப் பகடையில் உருட்டுவது?

ஜெஃப் கையின் அந்த நூல் வந்தது 1979இல், போரின் நூற்றாண்டில். மசிசி குனேனேயின் ஷாகா காவியம் ஆங்கிலத்தில் வந்ததும் அதே 1979. 'ஜூலு டான்' சினிமா வந்ததும், காலனியப் போர்களுக்கான லாரி பிராமின் புகழ்பெற்ற விதித்தொகுப்பு 'தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்' வந்ததும் அதே ஆண்டு. ஒரே ஆண்டு, நான்கு பிரதிகள். விளையாட்டு மேசைக்கு அருகில் இருப்பவை எவை என்று சொல்ல வேண்டியதில்லை. பிராமின் விதியில் ஒரு நல்ல அம்சம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பும் கறுப்புமாகச் சீட்டைக் கலைத்து வைத்து, எந்த நிறம் வருகிறதோ அந்தத் தரப்பின் ஒரு பிரிவு அசையும். யாருக்கு எப்போது முறை வரும் என்று தெரியாது. மேலிருந்து கடவுள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருடைய திமிரை அது கொஞ்சம் அடக்கும். பெரிய வரலாற்று நூல்கள் பல இதைச் செய்வதில்லை.

இப்போது அந்தச் சந்தோஷத்துக்கு வருகிறேன். நம் தோழர்களிடம் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசினால் உடனே வரும் பதில்: 'அப்போ ஜூலு பக்கம் ஆடிட்டா போச்சு!' என் நண்பரும் எப்போதும் ஜூலுவைத்தான் எடுப்பார், விருந்தாளிக்காக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. "தோத்தவையின்ர பக்கம் நிண்டு வெல்லுறதிலை ஒரு சுகம் இருக்கு" என்றார் ஒருமுறை. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 2009க்குப் பிறகு அந்தச் சுகத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜூலு வீரத்தை பிரிட்டன் என்றைக்கும் மறுத்ததில்லை. இசாண்டில்வானாவுக்குப் பிறகு ஜூலு வீரனைப் புகழ்வது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1882இல் செட்ச்வாயோ லண்டன் வந்தபோது அவரைப் பார்க்கத் தெருவில் கூட்டம் திரண்டது. 1964இல் வந்த 'ஜூலு' படத்தின் முடிவில், தோற்றுப்போகும் ஜூலுக்கள் குன்றின்மேல் நின்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு வணக்கம் பாடுவார்கள். நடக்காத விஷயம். ஆனால் அந்தக் கற்பனைக்கு ஒரு தேவை இருக்கிறது. வீரம் என்று பட்டம் கொடுத்தால் அதை ஏற்றுக்கொண்டு பதிலுக்கும் ஒரு பட்டம் கொடுக்க வேண்டும், நிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. எதிரி எவ்வளவு வீரனோ அவ்வளவு பெருமை ஜெயித்தவனுக்கு. மேசையில் ஜூலுவை ஜெயிக்க விடுவதில் சாம்ராஜ்யத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பட்டம்தான்.

அந்தப் பட்டம் பிறகு என்ன பாடு படுத்தியது என்பதும் இதில் சேர்த்தி. அதே படத்தில் செட்ச்வாயோவாக நடித்தவர் மங்கோசுத்து புத்தலேசி, தாய்வழியில் அந்த அரசனின் கொள்ளுப்பேரன். பின்னாளில் இன்காதா கட்சித் தலைவர். 1990களின் தொடக்கத்தில் இன்காதா ஊர்வலங்களில் ஈட்டியும் தடியும் 'கலாச்சார ஆயுதம்' என்கிற பெயரில் வந்தன. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆதரவாளர்களும் இன்காதாக்காரர்களும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. நிறவெறி அரசு இன்காதாவுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது 1991இல் அம்பலமானது. 'வீர ஜூலு' என்கிற சித்திரத்தை வெள்ளை அரசு அப்போதும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வீர மரபு, வீர மரபு என்று மேடைக்கு மேடை புறநானூறு பேசுகிறவர்கள் இதை ஒருமுறை நின்று படிக்கலாம்.

இரண்டு பக்கமும் சேராதவர்கள் கதை வேறு. இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் செத்த 1,300க்கும் மேற்பட்டவர்களில் 400க்கும் மேற்பட்டோர் கறுப்பர்கள். நேட்டால் நேட்டிவ் கான்டின்ஜென்ட் என்ற பெயரில் திரட்டப்பட்ட, நேட்டாலைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள். பத்துப் பேருக்கு ஒரு துப்பாக்கி. எதிரியிடமிருந்து அடையாளம் தெரிய நெற்றியில் சிவப்புத் துணி. இவர்களுக்கும் பொம்மை விற்கிறார்கள். ஆனால் நான் ஆடிய மேசைகளில் இவர்களைப் பார்க்கவில்லை. இவர்கள் வந்தால் 'பிரிட்டிஷ் - ஜூலு' என்கிற சுத்தமான இருமை கலைந்துபோகும். பெட்டியின் மேல் அச்சிட்ட படமே பொய்யாகிவிடும்.

நம்மவர்கள் எங்கே? அதே நேட்டாலின் கரும்புத் தோட்டத்தில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் போர் நடந்தபோது அங்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்? சொந்த நிலமும் மாடும் இருந்த ஆப்பிரிக்கர்கள் அந்தக் கூலிக்குத் தோட்ட வேலைக்கு வர மறுத்தார்கள். ஜூலுவின் நிலம் அவனிடம் இருந்ததும் நம்மவர் கப்பலேறியதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். 1906இல் தலைவரிக்கு எதிராகப் பம்பத்தா தலைமையில் ஜூலுக்கள் கிளர்ந்தபோது காந்தி இந்தியத் தொண்டர்களைத் திரட்டி, காயம்பட்டோரைச் சுமக்க பிரிட்டிஷ் தரப்போடு போனார். வெள்ளையர் தொட மறுத்த ஜூலுக்களின் காயத்துக்கு மருந்திட்டதும் அந்தப் படைதான். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 'ஜூலு பக்கம்' என்று மேசையில் கை வைக்கும்போது அந்தக் கை எந்த வழியாக வந்தது என்பதும் கேள்விதான்.

கடைசி முறை போனபோது நண்பரிடம் சொன்னேன், ஆட்டத்தை ஜனவரி 22இல் தொடங்க வேண்டாம், டிசம்பர் 11இல் தொடங்குவோம் என்று. அவர் உற்சாகமாகிவிட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து விதி எழுதினோம். ஜூலு ஆட்டக்காரர் அறுவடைக்கும் சண்டைக்கும் ஆளைப் பங்கிட வேண்டும். ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் ஆட்கள் சடங்கு கழிக்கவும் பயிரைப் பார்க்கவும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் (இசாண்டில்வானாவுக்குப் பிறகு அப்படித்தான் நடந்தது). பிரிட்டிஷ் ஆட்டக்காரர் சண்டைக்குப் பதிலாகக் குடியிருப்பை எரிக்கலாம், மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம் (அதுவும் நடந்ததுதான்). குடியிருப்புகளுக்குச் சின்னக் காகிதக் கூம்புகள், மாடுகளுக்கு அவர் வீட்டு மொச்சைக் கொட்டை. நான் ஜூலு, அவர் இந்த முறை பிரிட்டிஷ்.

முதல் சண்டையில் ஜெயித்தேன். அடுத்த முறையில் என் ஆட்களில் பாதிப் பேர் வயலில். மூன்றாம் முறையிலிருந்து அவர் சண்டைக்கே வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. காகிதக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். வண்ணம் பூசிய அவ்வளவு பொம்மைகளும் மேசை நடுவே சும்மா நின்றன. ஒன்றரை மணி நேரத்தில் பகடையைத் தொட்டது ஏழெட்டுத் தடவை இருக்கும்.

"நீங்கள் சொல்லுறதெல்லாம் சரிதான். ஆனா இதை ஆர் வந்து விளையாடுவினம்?" என்றார் பகடையைப் பெட்டியில் போட்டபடி.

மொச்சைக் கொட்டை முழுவதும் அவர் பக்கம் இருந்தது.